மலையேறாத சாமி

அந்தியூர் பத்ரகாளியம்மன் கோயிலில் பங்குனிக் குண்டம் எனும் தீமிதி முடிந்த ஒரு காலையில் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். மஞ்சள் சேலை, மணிக்கட்டில் காப்பு, ஈரம் காயாத தலை. கால் மணி நேரத்துக்கு முன்புதான் அவருக்கு அருள் வந்திருந்தது. இரண்டு பேர் பிடித்தும் நிற்கவில்லை. பம்பை அடி ஏற ஏற, கண்கள் மேலே செருக, கூட்டத்தில் யாரையோ விரல் நீட்டி அதட்டினார். பூசாரி நெற்றியில் திருநீற்றை அப்பி, கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து அழுத்தியதும் உடம்பு ஒரு குலுக்கு குலுக்கித் துவண்டது. "சாமி மலையேறிருச்சுங்க" என்றார் பூசாரி. இப்போது அதே பெண்மணி ஒரு திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த மூத்தவரிடம் தணிந்த குரலில், "நான் என்னங்கக்கா பேசுனேன்? ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, டீயக் குடி" என்றார் அந்த அக்கா.

பக்திப் பித்தைப் பற்றிய திகில் படம் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த டீ நினைவுக்கு வந்துவிடும். அந்தப் படங்களில் வருகிற எவருக்கும் அது கிடைப்பதில்லை. அங்கே வந்த சாமி மலையேறுவதில்லை. மலையேற்றி அனுப்பத் தெரிந்த ஆளும் பக்கத்தில் இல்லை. இந்த வகைப் படங்களின் பயம் கடவுளிடமிருந்தோ பேயிடமிருந்தோ வருவதாக நான் நினைக்கவில்லை. நம்பிக்கையைச் சுற்றி ஊர் கட்டிவைத்த வேலி பிடுங்கப்பட்ட இடத்தில்தான் அது தொடங்குகிறது. வேலி என்று எதைச் சொல்கிறேன் என்பதைக் கொங்கு நாட்டுக் கோயில்களைக் கொண்டே காட்ட முடியும்.

முதலில் படங்களின் வகையைச் சொல்லிவிடுகிறேன். கதவு அறைந்து, பூனை தாவி, வயலின் வீறிட்டு நம்மை நாற்காலியிலிருந்து தூக்கிப்போடும் பேய்ப்படங்கள் வேறு. இவற்றில் ஒரு மணி நேரத்துக்குப் பெரிதாக எதுவும் நடக்காது. ஒருவர் கும்பிடுவார், விரதம் இருப்பார், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதைக் குண்டத்தில் கண்ணால் பார்க்கலாம். பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டத்துக்கு அடுக்கும் விறகை விறகு என்று யாரும் சொல்லமாட்டார்கள், எரிகரும்பு என்பார்கள். இரவெல்லாம் எரிந்து, விடியும் முன் கங்காகி, மூங்கில் கழிகளால் தட்டிச் சமன்படுத்திய பிறகு பார்த்தால், மேலே சாம்பல் படர்ந்து ஏதோ ஆறிப்போன களம் மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் முகம் பொசுங்கும். கரும்பு என்ற பெயரும் அந்தச் சாம்பல் நிறமும் சேர்ந்து செய்கிற வேலையைத்தான் இந்தப் படங்கள் செய்கின்றன.

டென்மார்க்கின் கார்ல் டிரையர் 1943-இல் எடுத்த 'டே ஆஃப் ராத்' தொடங்கி, ராபர்ட் எக்கர்ஸின் 'தி விட்ச்' (2015), ரோஸ் கிளாஸின் 'செயின்ட் மாட்' (2019) வரை இதற்கு நீண்ட வரிசை உண்டு. 'தி விட்ச்' கதை 1630-களின் நியூ இங்கிலாந்தில் நடக்கிறது. மதத் தகராறில் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம் ஒன்று காட்டோரமாகத் தனிக்குடிசை போடுகிறது. சோளம் விளையவில்லை, கைக்குழந்தை காணாமல் போகிறது. இதற்கெல்லாம் காரணம் நம் பாவம்தான் என்று அப்பன் முடிவுகட்டுகிறான். எட்டிப்பார்த்து 'அப்படியெல்லாம் இருக்காதுங்க' என்று சொல்ல ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. அதுதான் படம்.

ஆனால் இந்த வரிசையின் உச்சத்தில் நான் வைப்பது ஓர் இந்தியப் படத்தை. சத்யஜித் ராயின் 'தேவி' (1960). அதைத் திகில் படம் என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. சீர்திருத்தப் படம், மூடநம்பிக்கை எதிர்ப்புப் படம் என்றெல்லாம் சொல்லி நல்ல பிள்ளையாக அலமாரியில் வைத்துவிட்டார்கள். எனக்கோ அதைவிடப் பயமுறுத்திய படம் வேறில்லை.

பிரபாத் குமார் முகோபாத்யாய் எழுதிய சிறுகதையிலிருந்து எடுத்த படம் அது. கதைக்கான கருவைக் கொடுத்தவர் தாகூர். 19-ஆம் நூற்றாண்டு வங்காளத்தின் ஜமீன் வீடு ஒன்று. மாமனார் காளிகிங்கர், காளி பக்தர். இளைய மருமகள் தயாமயி. நடித்த ஷர்மிளா தாகூருக்கு அப்போது பதினைந்து வயதுதான். கணவன் உமாபிரசாத் கல்கத்தாவில் படிக்கிறான். மாமனாருக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுப்பதும், காலைப் பிடித்துவிடுவதும், மூத்தாரின் பிள்ளை கோகாவுக்குக் கதை சொல்வதுமாக அந்தப் பெண்ணின் நாட்கள் போகின்றன. ஒரு விடியற்காலையில் காளிகிங்கர் கனவு காண்கிறார். இருளில் தேவியின் மூன்று கண்கள். அவை மெல்ல மருமகளின் முகத்தில் போய்ப் பொருந்துகின்றன. எழுந்தவர் நேராக வந்து அவள் காலில் விழுகிறார்.

இந்த இடத்தில் ராய் காட்டுவது அவள் பாதங்களை. மாமனாரின் தலை கீழே போக, அவள் கால்விரல்கள் உள்ளே சுருங்குகின்றன. முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொள்கிறாள். அலறல் இல்லை, இசை முழக்கம் இல்லை. பெரியவர் ஒருவர் தன் காலைத் தொடுவதால் ஒரு சின்னப் பெண்ணுக்கு வருகிற கூச்சம், அவ்வளவுதான். பிறகு அவளை மண்டபத்தில் உட்கார வைக்கிறார்கள். ஊர் வரிசையில் நிற்கிறது. சாகக் கிடந்த ஒரு குழந்தை அவள் பாததீர்த்தத்தால் பிழைத்துக்கொள்கிறது. அந்தப் பிழைப்புதான் அவள் கதவில் விழுந்த பூட்டு.

வங்காளத்தில் வீட்டுப் பெண்ணைச் செல்லமாக 'மா' என்றுதான் கூப்பிடுவார்கள். காளியையும் 'மா' என்பார்கள். கனவு வருவதற்கு முன்பே காளிகிங்கர் மருமகளை அப்படித்தான் அழைத்துக்கொண்டிருந்தார். கனவு புதிதாக ஒன்றும் செய்யவில்லை, செல்லப்பெயரை நேர்ப்பொருளாக்கியது. இதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் குழந்தையைக் கொஞ்சுவதே 'சாமி' என்றுதான். 'சாப்பிட வா சாமி', 'அழுவாத சாமி'. மகளை 'ஆத்தா' என்போம். டீயை நீட்டிய அந்த அக்காவும் 'சாமி' என்றுதான் சொன்னார். ஆனால் சற்று முன் வந்துபோன சாமி வேறு, இந்தச் சாமி வேறு என்பது அவருக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்தவருக்கும் தெரியும். இரண்டு சாமிக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிதான் காளிகிங்கர் வீட்டில் மூடிப்போனது.

கனவு கண்ட காளிகிங்கர் யாரிடமும் கேட்கவில்லை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலையில் கேட்பார்கள்.

சிவன்மலை சுப்பிரமணியசாமி கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவன் வந்து இன்ன பொருளை வை என்று சொன்னால், அந்தப் பொருளை அதில் வைத்துப் பூசை செய்வார்கள். மண், தண்ணீர், சைக்கிள் என்று எதுவும் வரலாம். தண்ணீர் வைத்தார்கள், 2004-இல் சுனாமி வந்தது என்று பேருந்தில்கூடப் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நடந்து முடிந்த பிறகு பொருத்திப் பார்ப்பது யாருக்கும் எளிது. என் கண்ணில் பட்டது வேறு. கனவு கண்டேன் என்று வந்து சொன்னவுடன் பெட்டியைத் திறந்துவிடமாட்டார்கள். சாமி முன்னால் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு. இல்லையென்றால் கனவு கண்டவர் மலை இறங்கி வீட்டுக்குப் போகலாம். உத்தரவான பொருளும் நிரந்தரமாக அங்கே இருப்பதில்லை. இன்னொருவருக்குக் கனவு வந்து, அதற்கும் பூ விழுந்தால், பழையது வெளியே வந்துவிடும்.

பூ விழுவதில் அறிவியல் இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. அந்த ஏற்பாட்டின் அமைப்பைப் பாருங்கள். கனவை வெளியே வந்து நாலு பேர் முன்னால் சொல்லியாக வேண்டும். 'இல்லை' என்ற பதிலுக்கு அங்கே இடம் உண்டு. கனவு கண்டவரே தீர்ப்புச் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டிக்குள் போவது ஒரு பொருள். ஓர் ஆள் இல்லை. இந்த நான்கில் ஒன்று இருந்திருந்தாலும் தயாமயி தப்பியிருப்பாள்.

அனுப்பிவைக்கிற ஏற்பாடும் அப்படித்தான். ஈரோட்டில் பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் மூன்று கோயில்களிலும் திருவிழாவுக்குக் கம்பம் நடுவார்கள். மூன்று கிளையுள்ள மரம், அம்மனுக்குப் புருசன். தினமும் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள், மஞ்சள் பூசுவார்கள். கடைசி நாள் அதே கம்பத்தைப் பிடுங்கி, ஊர்வலமாகக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அத்தனை நாள் கும்பிட்டதைத் தண்ணீரில் விட யாருக்கும் கை கூசுவதில்லை. கூடவே மஞ்சள் நீராட்டு. காப்புக் கட்டினால் காப்பு அவிழ்ப்பு என்று ஒரு நாளும் இருந்தே தீரும்.

வங்காளமும் சாமியை ஆற்றில் கரைக்கத் தெரிந்த நாடுதான். 'தேவி' படமே துர்க்கா பூசையிலும் விசர்ஜனத்திலும்தான் தொடங்குகிறது. பெயர்கள் ஓடும்போது திரையில் ஒரு வெறும் களிமண் முகம். வண்ணமும் கண்ணும் நகையும் ஒவ்வொன்றாக ஏறி அது தேவியாகிறது. அப்படி ஏற்றிய மண்ணை ஆற்றில் கரைத்துவிடலாம். ஏற்றியது ஒரு பெண்ணின் மேல் என்றால்? படத்தின் நடுவே உமாபிரசாத் இரவோடிரவாக மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வருகிறான். படகு ஏறினால் கல்கத்தா. கரையில், கரைத்த சிலையின் மிச்சம் ஒதுங்கிக் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் தயாமயி நின்றுவிடுகிறாள். ஒருவேளை நான் தேவியாகவே இருந்தால்? திரும்பி நடக்கிறாள். பார்க்கிற நமக்கு முதுகுத்தண்டு சில்லிடுவது இங்கேதான். மாமனாரின் பித்து அவளுக்குள் இறங்கிவிட்டது. பிறகு கோகாவுக்குக் காய்ச்சல் வருகிறது. வைத்தியர் வேண்டாம், தேவியின் மடி போதும் என்கிறார்கள். பிள்ளை செத்துப்போகிறான். பனிமூட்டத்தில் ஓடி மறைகிற தயாமயியை அதற்குப் பிறகு திரையில் பார்ப்பதில்லை.

தன்னைத் தேவியின் ஆள் என்று நம்புகிற எல்லாப் பெண்களும் இப்படித்தான் முடிந்துபோகிறார்களா என்றால், இல்லை. இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர கதிர்காமத்தில் சடாமுடியோடு தீமிதிக்கும் பெண்களை நெடுநாள் பழகி ஆராய்ந்து, 1981-இல் 'மெடூசாஸ் ஹேர்' என்ற நூலாக எழுதினார். குடும்பத்தில் நொறுங்கிப்போன பெண்கள், அந்த நொறுங்கலையே முருகனோடான உறவாக மாற்றிக்கொண்டு நிமிர்ந்ததை அவர் காட்டுகிறார். அவர்களுக்குத் தெய்வம் ஒரு வெளியேறும் வழி. தயாமயிக்கு அது சிறை. வேறுபாடு எங்கே இருக்கிறது? கதிர்காமத்துப் பெண் தனக்கு வந்த சாமியைத் தானே சொன்னாள். தயாமயிக்கு அவள் சாமி என்று இன்னொருவர் சொன்னார்.

இன்னொருவர் சொல்வது என்றதும் நம் பழைய பாட்டுகளுக்குப் போகாமல் இருக்க முடியாது. குறிஞ்சித் திணையில் வெறியாட்டு என்று ஒரு துறை. தலைவி காதலில் மெலிந்துபோகிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. குறி சொல்கிற கட்டுவிச்சி கழங்கு போட்டுப் பார்க்கிறாள். முருகு அணங்கியது என்கிறார்கள். முருகனின் பூசாரியான வேலன் வருகிறான். களம் அமைத்து, ஆட்டை அறுத்து, இரவில் ஆடுகிறான். உண்மை தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இருவர்தான்: தலைவி, அவள் தோழி. ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே வெறிப்பத்து என்று பத்துப் பாட்டு பாடியிருக்கிறார். வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயரே வாங்கிய ஒரு புலவர் இருந்திருக்கிறார். அத்தனை தூரம் நம்மவர்களுக்கு இது பிடித்திருக்கிறது.

ஒரு பெண்ணின் மனசை வீடு முழுக்கச் சாமி என்று படிக்கிறது, அவள் வாய் திறக்க முடியாமல் நடுக்களத்தில் நிற்கிறாள், ரத்தம் சிந்துகிறது. திகில் படத்துக்கான சட்டகம் முழுசாகத் தயாராக இருக்கிறது. ஆனாலும் வெறியாட்டுப் பாட்டைப் படித்தால் பயம் வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது. காரணம் தோழி. அவள் வேலனைக் கேலி செய்கிறாள். சில பாட்டுகளில் முருகனையே கேலி செய்கிறாள். காரணம் தெரியாமல் ஆட வந்த உனக்கு அறிவு இருக்கிறதா என்கிற தொனியில் கடவுளிடம் பேச அவளுக்கு நாக்கு இருக்கிறது. தோழி என்ற பாத்திரத்தை அந்தக் களத்திலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது அசல் திகில்.

பி. எஸ். வினோத்ராஜ் 2024-இல் அதைத்தான் எடுத்தார். 'கூழாங்கல்' படத்துக்காக 2021-இல் ராட்டர்டாமில் புலி விருது வாங்கியவரின் இரண்டாவது படம் 'கொட்டுக்காளி'. பெர்லின் விழாவில் காட்டப்பட்டு, ஆகஸ்ட் 23-இல் நம் திரையரங்குகளுக்கு வந்தது. மதுரைப் பக்கத்துக் கதை. மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்கு ஏதோ பிடித்திருக்கிறது, வசியம் வைத்துவிட்டார்கள் என்று குடும்பம் முடிவு செய்கிறது. கட்டிக்கொள்ளப்போகும் முறைமாமன் பாண்டி, அவன் அக்கா தங்கைகள், அப்பா அம்மா எல்லாரும் ஒரு ஷேர் ஆட்டோவிலும் இருசக்கர வண்டிகளிலும் அவளைக் குலதெய்வத்திடமும், பிறகு பேயோட்டுகிற சாமியாடியிடமும் கூட்டிப்போகிறார்கள். படம் முழுக்க இந்தப் பயணம்தான். பின்னணி இசை என்று ஒரு துணுக்குகூட இல்லை. மீனாவாக வரும் அன்னா பென் அநேகமாகப் பேசுவதே இல்லை.

பாண்டியாக வரும் சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரத்த குரலில் அதட்டிக்கொண்டே வருகிறார். பலிகொடுக்கக் கொண்டுபோகும் சேவல் காலில் கயிறோடு துடிக்கிறது. மீனாவின் காலில் கயிறு இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. வழியில் ஒலிபெருக்கியில் வந்த பாட்டை அவள் வாய்க்குள் முணுமுணுத்ததற்கு நடுரோட்டில் அடி விழுகிறது. தடுக்க வந்த பெண்களுக்கும் விழுகிறது. அது வரைக்கும் சாதாரணக் குடும்பப் பயணம் மாதிரி இருந்த ஒன்று, அந்த அடியில் சாம்பல் உதிர்ந்து கங்கு தெரிகிற மாதிரி திறந்துகொள்கிறது. அதற்குப் பிறகு அந்த வண்டி நகர்கிற ஒவ்வொரு அடியும் நமக்கு வலிக்கும்.

இந்த வெறியாட்டில் தோழி கிடையாது. அந்த இடத்தில் வினோத்ராஜ் நம்மை உட்கார வைத்திருக்கிறார். உண்மை நமக்குத் தெரியும், கேலி பேச வாய் கிடையாது. முடிவில் சாமியாடி வேறொரு பெண்ணுக்குப் பேயோட்டுவதைப் பாண்டி பார்த்துக்கொண்டு நிற்கிறான். சாமியாடியின் கைகள் அந்தப் பெண்ணின் மேல் படுகிற விதத்தைப் பார்க்கப் பார்க்கப் பாண்டியின் முகம் மாறுகிறது. அடுத்து மீனாவின் முறை. படம் அங்கே நின்றுவிடுகிறது. சூரியின் நகைச்சுவைக்காக வந்தவர்கள் 'என்னங்க, படம் முடிஞ்சிருச்சா?' என்று பக்கத்தில் கேட்டதை நானே கேட்டேன். அந்தக் கேள்வியில் எரிச்சல் இருந்தது, கொஞ்சம் கலக்கமும் இருந்தது என்று எனக்குப் பட்டது.

பேயோட்டுதல் யாருக்கு என்ன செய்கிறது என்பதை இசபெல் நபோகோவ் தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ஆராய்ந்து 2000-இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அவர் கண்ட பேய் பிடித்த பெண்களில் பெரும்பாலோர் புதிதாகத் திருமணமானவர்கள், புருசனோடு ஒட்டாதவர்கள். பிடித்த பேயோ அகால மரணமடைந்த இளைஞன். சடங்கின் முடிவில் பெண்ணின் உச்சிமுடியில் ஒரு கற்றையை எடுத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அடிக்கிறார்கள். பேய் போனது என்றால் பெண் புருசன் வீட்டுக்குத் திரும்புகிறாள் என்று பொருள். சடங்கு மனிதரை ஆற்றுகிறது என்று மானிடவியலில் வழக்கமாகச் சொல்வதை அவர் ஏற்கவில்லை. அவளுடைய 'நான்' என்பதற்கு எதிராகத்தான் இது வேலை செய்கிறது என்கிறார். 'கொட்டுக்காளி'க்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது. என் வேலி வாதத்துக்கு இது ஒரு குட்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஊர் கட்டிய வேலி சாமியைக் கட்டுப்படுத்துவதைப் போலவே பெண்ணையும் கட்டுப்படுத்தும். குண்டம் இறங்கிய பெண்மணி 'தப்பாப் பேசிட்டனா' என்று கேட்டாரே, அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அருள் வந்தபோது யாரை அதட்டினாரோ, அவரிடம் அருள் இல்லாமல் பேச முடியாத வீடு அது.

ஆனாலும் தனிமை கொடியது என்ற எண்ணத்திலிருந்து நான் மாறவில்லை. 'செயின்ட் மாட்' படத்தில் இங்கிலாந்துக் கடற்கரை ஊர் ஒன்றில் தனியாக வாழும் இளம் செவிலி, கடவுள் தன்னோடு பேசுவதாக நம்புகிறாள். ஒரு நாள் காலணிக்குள் ஆணிகளைக் கூர்மேலாகப் பரப்பி, போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறாள். ஆணிச்செருப்பு நமக்குப் புதிதா? கருப்பசாமி கோயில்களில் அதன்மேல் ஏறி நின்று வாக்குச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அங்கே பம்பை உண்டு, பிடித்துக்கொள்ள ஆள் உண்டு, இறக்கிவிட நேரம் உண்டு. மாட் நடக்கிற தெருவில் எதிரே வருகிற எவருக்கும் அவள் செருப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. கடைசியில் கடற்கரையில் தன்மேல் அசிட்டோனை ஊற்றிக் கொளுத்திக்கொள்கிறாள். அவளுக்குச் சிறகு முளைக்கிறது, மக்கள் மண்டியிடுகிறார்கள். ஒரு நொடியின் துண்டு நேரத்துக்கு மட்டும் இயக்குநர் நிஜத்தைக் காட்டுகிறார்: எரிந்துகொண்டிருக்கும் ஒரு முகம், அலறல். இருட்டு.

தமிழில் ஏன் இத்தகைய படங்கள் குறைவு? நம் திரையில் அம்மன் வந்தால் தீர்ப்பு வழங்கத்தான் வருவாள். கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் 'ஆதி பராசக்தி' (1971), தெலுங்கிலிருந்து வந்த 'அம்மன்' (1995), ராம நாராயணன் ஒரே ஆண்டில் கொடுத்த 'ராஜகாளி அம்மன்', 'பாளையத்து அம்மன்' (2000) எல்லாவற்றிலும் கும்பிட்டவள் பிழைப்பாள், கெட்டவன் சூலத்தில் மாட்டுவான். கொட்டகையில் படம் ஓடும்போதே பெண்களுக்கு அருள் வரும். வேப்பிலையோடு ஆள் ஓடும். பார்ப்பவருக்கே சாமி வருகிற அரங்கில், சாமி வருவதைச் சந்தேகத்தோடு பார்க்கிற படத்தை யார் ஓட்டுவார்கள்? மலையாளத்தில் எம். டி. வாசுதேவன் நாயர் 1973-லேயே 'நிர்மால்யம்' எடுத்துவிட்டார். வறுமையில் வாடும் வெளிச்சப்பாடு எனும் கோயில் சாமியாடி, திருவிழா நாளில் வீட்டில் நடந்த அவமானத்தைக் கண்ட கண்ணோடு வந்து ஆடி, வாளால் தலையை வெட்டிக்கொண்டு, வாய் ரத்தத்தைப் பகவதியின் முகத்தில் துப்பிச் செத்துப்போகிறார். சிறந்த படத்துக்கான தேசிய விருதும், நடித்த பி. ஜே. ஆன்டனிக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. இன்று அப்படி ஒரு காட்சியை எந்த மொழியிலும் எடுத்து வெளியிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

படத்தை விட்டுவிட்டு வாழ்க்கைக்கு வந்தால் இரண்டு செய்திகள் அருகருகே நிற்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடி தர்காவை ஒட்டிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. குணமாக வேண்டும் என்று உறவினர்கள் கொண்டுவந்து விட்டிருந்தவர்கள், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆர். ரகுராமும் மற்றவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய, கடுமையான மனநோய் கொண்ட 31 பேரை அளந்து பார்த்த ஆய்வு அது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. பேயோட்டு, உடுக்கடி, வேப்பிலை அடி எதுவும் அங்கே கிடையாது. கூட ஓர் உறவினர் தங்குவார். கோயிலைக் கூட்டுவார்கள், செடிக்குத் தண்ணீர் விடுவார்கள், காலையில் பூசையில் நிற்பார்கள். அவ்வளவுதான். புதிய வகை மருந்துகள் உட்படப் பல மனநல மருந்துகள் தரும் பலனுக்கு இணையான மாற்றம் இது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கோயில் மருந்துக்கு மாற்று என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆனால் ஒரே தமிழ்நாட்டில், நம்பிக்கையின் பெயரால் ஒருபுறம் சங்கிலியும் ஒருபுறம் விளக்குமாறும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. எது ஆற்றியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மீண்டும் படத்துக்கு வருகிறேன். கோபிச்செட்டிபாளையத்து வயலிலும் வாய்க்கால் கரையிலும் எத்தனையோ படங்கள் எடுத்தாயிற்று. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையைப் படம்பிடிக்க எங்கிருந்தோவெல்லாம் கேமராவோடு வருகிறார்கள். குண்டம் பாட்டுக்குப் பின்னணியாகப் பலமுறை எரிந்துவிட்டது. நான் பார்த்த எந்தப் படமும் காப்பு அவிழ்த்த மறுநாளில் தொடங்கவில்லை. இந்தப் பக்கம் படம் எடுக்க நினைக்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: திருவிழா அன்றைக்கு வராதீர்கள். கூட்டம் கலைந்து, கடைக்காரர்கள் தார்ப்பாயைச் சுருட்டிய பிறகு வாருங்கள். காப்பை அவிழ்க்க மாட்டேன் என்கிறவர் யாராவது உண்டா என்று விசாரியுங்கள். ஊருக்கு ஒருவர் இருப்பார்.